ரத்னாபாயின் சம்சயம்

"ராத்திரிக் கல்யாணம் உண்டா, நோக்கு மோனே" என்றபடி ரத்னாபாய் வெளிநாட்டுப் பத்திரிகையின் அச்சுத்தாள்களைக் கடைசிப் பக்கத்திலிருந்து புரட்டுகிறார். முதல் பக்கத்தில் அமைதி ஒப்பந்தமும் கைகுலுக்கலும் இருக்கும். அதை அவர் நம்புவதில்லை. கல்யாண மண்டப விளம்பரத்தில் என்ன நேரம் போட்டிருக்கிறது, இருட்டிய பிறகு பஸ் ஓடுகிறதா என்றுதான் பார்ப்பார். ராத்திரியில் ஜனம் பயமில்லாமல் வெளியே வந்தால்தான் அவருக்குப் போர் முடிந்த கணக்கு. அவருக்கு அரபி தெரியாது. வாசித்துச் சொல்ல ஹாஷிம் இருக்கிறான், அந்த நாட்டிலிருந்து இங்கே படிக்க வந்தவன்.

மலையாளம் புழங்கும் கழக்கூட்டத்தில் சின்ன ஆய்வு அலுவலகம் எங்களுடையது. எந்த நாட்டு உள்நாட்டுப் போர் எப்போது முடிந்தது என்று பட்டியல் போடுவதுதான் பிழைப்பு. ஓராண்டில் சண்டைச் சாவு இருபத்தைந்தைத் தொடாவிட்டால் போர் முடிந்தது. இது அலுவலக விதி. கடைசிக் கையெழுத்து ரத்னாபாயுடையது. தமிழும் மலையாளமும் கலக்கும் எல்லையிலுள்ள பாறசாலைக்காரர், வயது அறுபத்தொன்று. முப்பது வருடம் ஓர் ஆஸ்பத்திரியில் பதிவேடு பார்த்தவர். "சாவுச் சீட்டுல எழுதுனது எல்லாம் சத்தியமுண்ணா, நம்ம ஊருல ஒருத்தனும் விஷம் குடிச்சதே இல்ல. எல்லாருக்கும் வயித்துவலிதான்" என்பார்.

நான் காய்ச்சலென்று விடுப்பு எடுத்தால் மறுநாள் மாத்திரையின் பெயரைக் கேட்பார். மேலாளர் மகேஷ்குமார் பாயசம் கொண்டுவந்தால், "எந்து விசேஷம்?" என்று கேட்டு, பதில் வந்த பிறகே டம்ளரைத் தொடுவார். பக்கத்து மேசைக்காரனான எனக்கு எரிச்சலாக வரும்.

போன மாதம் ஹாஷிமின் நாட்டுக் கணக்கு வந்தது. அந்த வருடத்துச் சாவு இருபத்துநான்கு. மகேஷ்குமார் 'முடிந்தது' என்ற பத்தியில் தேதியைப் போட்டே கொண்டுவந்துவிட்டார். "மேடம், ஒரு ஒப்பு மதி" என்று கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினார்.

ஹாஷிம் எழுந்து வந்து கைப்பேசியை நீட்டினான். அவன் தம்பியின் இறப்புச் சான்றிதழ். சாலை விபத்து என்றிருந்தது. பட்டாளத்தார் சுட்டுக் கொன்றார்கள் என்றான். பட்டியலில் சேர்க்காவிட்டால், சமாதான காலத்தில் வண்டி மோதிச் செத்தவனாகவே தம்பி இருந்துவிடுவான் என்று தட்டுத் தடுமாறி மலையாளத்தில் சொன்னான்.

"தம்பி மேல உள்ள சினேகத்துல சொல்லுதியா, உள்ளதையா? எனக்கு சம்சயம் உண்டு" என்றார் ரத்னாபாய். அந்த நிமிடம் அவரை நான் வெறுத்தேன்.

அவர் சான்றிதழின் தேதியைக் கேட்டார். ஊரைக் கேட்டார். அந்த வாரத்துப் பத்திரிகைகளை அச்செடுக்கச் சொல்லி, ஒவ்வொன்றாக அவனையே வாசிக்க வைத்தார். மூன்றாவது தாளில் செய்தி இருந்தது. அந்த ஊரில் மூன்று நாள் ஊரடங்கு, எந்த வண்டியும் ஓடக்கூடாது.

"வண்டியே ஓடாத ரோட்டுல எது மோனே இடிச்சுது?"

"பட்டாள வண்டி இடிச்சிருக்கலாமே, மேடம்" என்றார் மகேஷ்குமார்.

"இடிச்ச வண்டி எதுண்ணு எழுத சீட்டுல இடம் உண்டும். காலியா விட்டிருக்கான் பாருங்க. ஒளிக்கிறவன் அங்கதான் காலியா விடுவான். முப்பது வருஷத்துல இதுபோல நான் கொறே கண்டாச்சு."

பேனாவை எடுத்துத் தேதியை அடித்தார். இருபத்துநான்கை இருபத்தைந்தாக்கினார். ஹாஷிம் மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதான். மகேஷ்குமார் தாளை வாங்கிக்கொண்டார்.

வேலை முடிந்ததென்று நான் பையை எடுத்தேன். ரத்னாபாய் அலமாரியைத் திறந்தார். வேறொரு நாட்டுப் போர் முடிந்ததாக இரண்டு வருடம் முன்பு அவரே கையெழுத்திட்ட கோப்பை எடுத்தார். மேசையில் வைத்து, அதன் நாடாவை அவிழ்த்து, விபத்துச் சீட்டுகளைத் தனியே ஒதுக்கத் தொடங்கினார்.