இரண்டாம் தடவை கேட்காத ஊர்

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். அப்படிச் சொன்னால்தான் எனக்கே விளங்குகிறது.

1. என் வாடகை ஒப்பந்தம் முடியப்போகிற சமயத்தில், வீட்டுக்காரர் மார்கரெட், "அடுத்த வருடமும் இங்கேயே இருக்கிறாயா, லவ்?" என்று கேட்டார். (இங்கே பஸ் கண்டக்டர்கூட எல்லோரையும் "லவ்" என்றுதான் கூப்பிடுகிறார்.)
2. "உங்களுக்கு எதற்குச் சிரமம்? நான் வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன்" என்றேன்.
3. "சரி" என்றார்.
4. அடுத்த வாரம் தெருமுனைக் கடையின் கண்ணாடியில் ஓர் அட்டை தொங்கியது. என் அறை வாடகைக்கு என்று அவர் கையெழுத்தில் எழுதியிருந்தது.

இவற்றில் எனக்குப் புரியாதது மூன்றாவதுதான்.

கோவையில் பொறியியல் படித்துவிட்டு, வட இங்கிலாந்தில் ஒரு பம்ப் கம்பெனிக்கு வரைபடம் போட வந்தவள் நான். வந்த புதிதில் மார்கரெட் வீட்டு மாடியறைதான் எனக்கு ஊர். நான் மாட்டிறைச்சி தொடமாட்டேன் என்று தெரிந்த அன்றே எனக்கென்று தனி வாணலி வாங்கி வைத்தார். மழை வந்தால் கொடியில் காயும் என் துணிகளையும் எடுத்து மடித்து வைப்பார். அந்த வீட்டை விட்டுப் போக எனக்குத் துளியும் விருப்பமில்லை. அவர் மறுபடி கேட்பார், "அட, என்ன சிரமம், பேசாமல் இரு" என்பார், நானும் தயங்கித் தயங்கி ஒப்புக்கொள்வேன் என்று நினைத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. அட்டைதான் தொங்கியது.

ஞாயிற்றுக்கிழமை அம்மா தொலைபேசியில் வந்தபோது விஷயத்தைச் சொன்னேன். சோமனூரில் எங்கள் வீட்டை ஒட்டியே தறிக்கொட்டகை இருப்பதால், அம்மா எப்போதும் கத்தித்தான் பேசுவார்.

"ஒருக்காக் கேட்டுப்போட்டு அப்படியே உட்டுட்டாங்களா?"

"ஆமாங்கம்மா."

"அப்பறமென்ன கண்ணு, அவிய மனசுல இல்லைன்னுதானே அர்த்தம்? வேற ஊடு பாத்துக்கோ. மருவாதியா வந்துரு."

எனக்கும் அப்படித்தான் பட்டது. ஒரு வருடம் காட்டிய அன்பெல்லாம் வாடகைக்காகத்தான் போலிருக்கிறது என்று நினைத்து, முகம் கொடுக்காமல் நடமாடினேன்.

வியாழக்கிழமைகளில் இரவுச் சாப்பாடு முடிந்ததும் நானும் மார்கரெட்டும் ஒரு நகைச்சுவைத் தொடர் பார்ப்பது வழக்கம். கதை என்று எதுவும் கிடையாது. இரண்டிரண்டு நிமிடத் துணுக்குகள் வரும். பாதி எனக்குப் புரியாது, அவர் சிரிக்கும் இடத்தில் நானும் சிரித்துவைப்பேன். அந்த வாரம் ஒரு துணுக்கு அத்தியாயம் முழுக்கத் திரும்பத் திரும்ப வந்தது. விருந்துக்கு வந்த தம்பதி கிளம்புகிறார்கள். வீட்டுக்காரர் இன்னும் கொஞ்சம் சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்கிறார். வேண்டாம் என்கிறார்கள். அவர் கார்ச் சாவியை எடுத்து ஒளித்துவைக்கிறார். அடுத்த தடவை வரும்போது காரின் சக்கரங்களைக் கழற்றிக்கொண்டு வந்திருக்கிறார். அதற்கடுத்து, விருந்தாளிகளுக்குத் தலை நரைத்துவிட்டது, மடியில் தட்டு அப்படியே இருக்கிறது. கடைசியில் அவர்களை மீட்க வந்த போலீஸ்காரரும் தட்டோடு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். தொலைக்காட்சிக்குள் கூட்டமே சிரித்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதெல்லாம் எங்கள் வீட்டில் நடப்பதுதான். காங்கேயத்து மாமா வந்துவிட்டுக் கிளம்பினால், அப்பா அவருடைய ஸ்கூட்டர் சாவியை உருவித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். "வாண்டாங்க மச்சான், மாடு கன்னெல்லாம் அப்படியே கெடக்குதுங்க" என்பார் மாமா. "மாட்டுக்கு நாம போன் பண்ணிச் சொல்லிக்கலாம், உக்காருங்க மாப்ள. கோழி அடிச்சாச்சு" என்பார் அப்பா. மாமாவும் வாசல்வரை போவார், செருப்பை மாட்டுவார், கழற்றுவார், கடைசியில் இலை முன்னால் உட்கார்ந்து இரண்டு தடவை குழம்பு வாங்கிக்கொள்வார். சாவியை யாரும் பிடுங்காமல் விட்டிருந்தால் அவர் அடுத்த வருடம் பொங்கலுக்குக்கூட எங்கள் வீட்டு வாசலை மிதித்திருக்கமாட்டார்.

மார்கரெட் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "பாவம், அவர்கள்தான் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களே! அந்த மனுஷனுக்குக் காது இல்லையா?" என்றார்.

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். மூன்றாவது விஷயம் எனக்கு அப்போதுதான் புரிந்தது.

தொடர் முடிந்ததும் சமையலறைக்குப் போய், வாழ்க்கையில் அதுவரை யாரிடமும் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தேன். வேண்டியதை நேராகக் கேட்டேன். "எனக்கு இங்கேயே இருக்கத்தான் ஆசை. அன்றைக்கும் அதுதான் ஆசை."

அவர் கழுவிக்கொண்டிருந்த கோப்பையை வைத்துவிட்டார். "நீ வேண்டாம் என்றாயே! என் வீடு உனக்கு அலுத்துவிட்டது என்று நினைத்தேன். மறுபடி கேட்டால் உன்னை நெருக்குவதாக ஆகாதா?"

"எங்கள் ஊரில் நெருக்கினால்தான் கூப்பிட்டதாக அர்த்தம்."

அவர் ஈரக்கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். "இன்று காலைதான் ஒரு நர்ஸுக்குத் தருவதாகச் சொல்லிவிட்டேன், லவ்" என்றார். சொன்ன சொல்லை அவர் மாற்றவில்லை. மாற்றுங்கள் என்று நானும் கேட்கவில்லை. நான் கிளம்பிய அன்று அந்த வாணலியைப் பழைய செய்தித்தாளில் சுற்றி என் கையில் கொடுத்தார்.

போன டிசம்பர் விடுமுறையில் ஊருக்குப் போனபோது காங்கேயத்துக்கும் போனோம். "காப்பி வெக்கட்டுமா கண்ணு?" என்று அத்தை கேட்டார். "வையுங்கத்தை" என்றேன். அத்தை ஒரு நொடி அப்படியே நின்றுவிட்டு உள்ளே போனார். அம்மா என் தொடையில் கிள்ளினார். திரும்பும்போது பஸ்ஸில் ஒரே திட்டு: "கேட்ட ஒடனே வையுங்கங்கறா! ஊட்டுல ஒருவாய் காப்பிகூடக் குடுக்காமக் கூட்டியாந்துபோட்டேன்னு நெனைக்க மாட்டாங்களா? என்ற மானமே போச்சு."

முன்சீட்டிலிருந்து அப்பா திரும்பி, "உடு, சீமைக்காரி ஆயிட்டா" என்றார். அவர் சிரித்தார், எனக்கு என்னவோ போலிருந்தது.

இப்போது நான் இரண்டு தெரு தள்ளி ஓர் அறையில் இருக்கிறேன். மார்கரெட் வீட்டு மாடியில் அந்த நர்ஸ் இருக்கிறாள், நல்ல பெண். வியாழக்கிழமைகளில் நான் அங்கே போகிறேன். டீ வேண்டுமா என்று மார்கரெட் ஒரு தடவை கேட்கிறார். வேண்டும் என்று உடனே சொல்கிறேன். அவர் கெட்டிலில் தண்ணீர் பிடிக்கப் போன பிறகும், இன்னொரு தடவை கேட்பார் என்று என் காது காத்துக்கொண்டிருக்கிறது.