எழாத கம்ப்யூட்டரும் தம்பி கொடுத்த சிடியும்

நான் இருந்தேன். என் வீட்டுக்காரர் இருந்தார். பக்கத்துக் கடைத் தையல்காரர் இருந்தார். அவர் தன் கடையில் இருப்பதைவிட எங்கள் கடையில் இருப்பதுதான் அதிகம். கல்யாணப் பெண்ணின் அம்மா இருந்தார். போனில் என் தம்பி, கோயம்புத்தூரிலிருந்து.

கடை வல்லத்திராக்கோட்டையில், ரோட்டு மேல். போட்டோ, வீடியோ, ஜெராக்ஸ். வீட்டுக்காரர் வெளியே போய்ப் படம் எடுப்பார். நான் கடையில் உட்கார்ந்து ஆல்பம் வேலை பார்ப்பேன். எட்டாவதோடு நின்றவள். கம்ப்யூட்டர் பழகியது கல்யாணத்துக்குப் பிறகு. எதை அழுத்தினால் எது வரும் என்று தெரியும். ஏன் வருகிறது என்று தெரியாது. பிழைப்புக்கு அது போதும்.

ஐப்பசியில் ஆலங்குடி மண்டபத்தில் ஒரு கல்யாணம் எடுத்தார். படங்களைக் கேமரா கார்டிலிருந்து கம்ப்யூட்டரில் இறக்கினேன். மறுநாள் மீமிசலில் காதுகுத்து. கார்டு வேண்டும் என்றார். அதிலிருந்த படத்தையெல்லாம் அழித்துக் கொடுத்தேன். எப்போதும் அப்படித்தான் செய்வது.

அதற்கு அடுத்த நாள் காலையில் சுவிட்சைப் போட்டால் நீலத் திரை. கொஞ்சம் இங்கிலீஷ். தானாக அணைந்து தானாக வந்தது. மறுபடியும் நீலம். விண்டோஸ் படுத்துவிட்டது.

வீட்டுக்காரர் புதுக்கோட்டையில் ரிப்பேர் பார்ப்பவரைப் போனில் கேட்டார். "கொண்டாங்க, ஃபார்மட் பண்ணித் தாரேன்" என்றாராம். ஃபார்மட் என்றால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும். இவர் போனை வைத்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் பெண்ணின் அம்மா படியேறி வந்தார்.

"போட்டோ பாக்கலாமாத்தா?"

"ஆல்பம் இன்னும் ஆகலைங்கம்மா. மாசமாகும்."

"ஆல்பம் கெடக்கு. எனக்கு ஒரே ஒரு படம் வேணும். நானும் என் தம்பியும் நிக்கிறது."

நின்றபடியே சொன்னார். தம்பிக்கும் அவருக்கும் வரப்புத் தகராறு. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது நின்ற பேச்சு. காதுகுத்துக்குத் தாய்மாமன் வரவில்லை. சடங்குக்கும் வரவில்லை. கல்யாணத்துக்கு மாலையும் சீருமாக வந்து மண்டப வாசலில் நின்றுவிட்டார். இந்த அம்மா போய்ப் பக்கத்தில் நின்றார். பேசிக்கொள்ளவில்லை. தம்பி உள்ளே வந்தார், சீர் செய்தார், சாப்பிட்டார், அன்றைக்கே லாரிக்குப் போய்விட்டார். வடக்கே ஓட்டுகிறார். எப்போது திரும்புவார் என்று யாருக்கும் தெரியாது.

"எல்லார் கையிலயும் போனு இருந்துச்சு. ஒருத்தரும் எங்க பக்கம் திருப்பலை. ஒன் வீட்டுக்காரருதான் எடுத்தாரு. பளிச்சு பளிச்சுன்னு அடிச்சுச்சே, நான் பாத்தேன்."

வீட்டுக்காரர் கேமராப் பையின் ஜிப்பைத் திறந்து மூடினார்.

மறைத்து என்ன ஆகப்போகிறது. சொன்னேன். "கம்ப்யூட்டர் எந்திரிக்கலம்மா. படம் உள்ளதான் இருக்கு. எடுக்க முடியுதான்னு பாக்கணும்."

அந்த அம்மா தன் பையை மடியில் வைத்து நாற்காலியில் உட்கார்ந்தார். "பாரு. நான் இருக்கேன்."

என் தம்பி போன வருஷம் ஒரு சிடி எழுதிக் கொடுத்திருந்தான். லினக்ஸ் என்று மேலே பேனாவால் எழுதியிருக்கும். விண்டோஸ் படுத்தாலும் இந்தச் சிடியில் இருந்தே கம்ப்யூட்டர் எழுந்துகொள்ளும், உள்ளே இருக்கும் படத்தை வெளியே எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தான். அலமாரியிலிருந்து எடுத்துப் போட்டேன். நீலத் திரைதான் வந்தது. தம்பிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"அக்கா, அது பழையபடி விண்டோஸுக்கே போகுது. நாமதான் சிடிக்குத் திருப்பணும். ஆன் பண்ணதும் மேல் வரிசையில எஃப் பன்னெண்டை விடாமத் தட்டு."

தட்டினேன்.

"கோழி கொத்துற மாதிரி தட்டுதே தங்கச்சி" என்றார் தையல்காரர்.

ஒரு பட்டியல் வந்தது. அதில் சிடியைக் காட்டி அழுத்தினேன். புதிதாக ஒரு திரை வந்தது. முதல் வரியை அழுத்தச் சொன்னான். அழுத்தினேன். சிடி பெட்டிக்குள் கர் கர் என்று இழுத்தது. நின்றது. மறுபடி இழுத்தது. கறுப்புத் திரையில் வெள்ளை வரிகள் மளமளவென்று ஓடி, கடைசியில் ஒரு கோடு மட்டும் மினுக்கிக்கொண்டு நின்றது.

"என்னக்கா எழுதியிருக்கு? படி."

எழுத்துக் கூட்டிப் படித்தேன். பாதியில் நிறுத்தினான்.

"போதும் போதும். சிடியைப் படிக்க முடியலைங்குது. அணைச்சுட்டுத் திரும்ப வா. அந்த லிஸ்டுல சிடியைச் சோதிக்கிறதுக்கு ஒரு வரி இருக்கும். அதை அமுக்கு."

அமுக்கினேன். எண் ஏறிக்கொண்டே போனது. பாதிக்கு மேல் மெதுவானது. கர் கர். பிறகு எரர் என்று வந்தது. அந்த ஒரு இங்கிலீஷ் வார்த்தை எனக்குத் தெரியும். ஜெராக்ஸ் மிஷின் தினமும் காட்டுவது.

"எழுதுனப்ப நல்லாத்தான் இருந்துச்சு. கீறல் விழுந்திருக்கா பாரு. வெளிய எடுத்துத் திருப்பிப் பாருக்கா."

எடுத்தேன். திருப்பினேன்.

கீறல் இல்லை. பளபளப்பான பக்கத்தில், ஓரத்தை ஒட்டி, கட்டைவிரல் அளவுக்குச் சந்தனம். அதன் நடுவில் குங்குமம். நல்ல வட்டம். காய்ந்து கெட்டியாக இருந்தது.

வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் காலண்டரைப் பார்த்தார்.

"ஆயுத பூசைக்கு வச்சீங்களா?"

"எல்லாத்துக்கும்தான வச்சேன்."

வைத்தார்தான். கத்தரிக்கோல், கீபோர்டு, மவுஸ், ஸ்டாண்டின் மூன்று கால். அதையெல்லாம் பிறகு நான் துடைத்துவிட்டேன். சிடிக்கும் வைத்து உறைக்குள் போட்டது எனக்குத் தெரியாது.

"பேர் எழுதியிருக்கிற பக்கம் வச்சிருக்கலாம்ல?"

"பளபளன்னு இருக்கிறதுதான மூஞ்சி. சாமிக்கு நெத்தியில வைப்பாகளா, பொடனியில வைப்பாகளா?"

போனில் தம்பிக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னக்கா? என்ன இருக்கு?"

"பொட்டு இருக்கு."

 தம்பி சிரித்தான். அங்கே ஆபீஸில் யாரோ என்னவென்று கேட்பதும் கேட்டது.

"மச்சான், கம்ப்யூட்டர் அந்த மூஞ்சியைத்தான் படிக்கும். கண்ணுல சந்தனத்தை அப்புனா அது எப்படிப் படிக்கும்?"

"மாப்ள, கேமராக் கண்ணாடிக்கு வைக்காம விட்டியே, அதைச் சொல்லு" என்றார் தையல்காரர்.

"அதுக்கு மூடி மேல வச்சேன்" என்றார் இவர். விளையாட்டாகச் சொல்லவில்லை.

கழுவு என்றான் தம்பி. வீட்டுக்காரர் குறுக்கே கை நீட்டினார். "பூசையில வச்ச பொட்டு. அழிக்கவா?"

எனக்குக் கோபம் வந்தது. வந்திருப்பவர் முன்னால் என்ன பேசுவது. சிடியைப் பிடித்தபடி நின்றேன். நாற்காலியில் இருந்தவர்தான் வாயைத் திறந்தார்.

"அழிக்கிறேன்னு ஏன் சொல்லுறீங்க. குளிப்பாட்டுறேன்னு சொல்லுங்க. சாமியவே தெனமும் குளிப்பாட்டித்தான திரும்ப வைக்கிறாங்க."

இவர் கையை எடுத்துக்கொண்டார்.

கடைக்குப் பின்னால் குழாய். தம்பி போனில் வந்துகொண்டே இருந்தான். "பாத்திரம் வெளக்குற நாரு போட்ராத. வட்டமாத் தேய்க்காத. நடுவுல இருந்து வெளிப்பக்கமா, வெரலால." நீரில் ஊறவிட்டேன். சந்தனம் மண் போலக் கரைந்து போனது. குங்குமம் பிடிவாதம் பிடித்தது. சோப்பை விரலில் தொட்டு நடுவிலிருந்து வெளியே, நடுவிலிருந்து வெளியே. கடைசியில் லேசான சிவப்பு மட்டும் நின்றது. லென்ஸ் துடைக்கிற துணியை இவர் கொண்டுவந்து கொடுத்தார். ஒற்றி எடுத்தேன்.

"செவப்பு தெரியுதுடா."

"வெரலுக்குத் தட்டுப்படுதா?"

"இல்ல."

"அப்பச் சரி. போடு."

போட்டேன். எஃப் பன்னெண்டு. பட்டியல். சிடி. முதல் வரி. பெட்டிக்குள் சத்தம் இப்போது ஒரே சீராக இருந்தது, தையல் மிஷின் நீளத் தையல் ஓடுவதைப் போல. தையல்காரர்கூடத் தலையை ஆட்டினார். ஒரே ஒரு இடத்தில் கர் என்று இழுத்தது. எல்லோரும் அப்படியே இருந்தோம். பிறகு ஓடிவிட்டது.

திரை வந்தது. நாங்கள் பார்த்துப் பழகிய திரை இல்லை. படம் வேறு, பொத்தான் இருக்கும் இடம் வேறு.

"இது நம்ம கம்ப்யூட்டர் இல்லையே" என்றார் வீட்டுக்காரர்.

"சட்டை மாத்தியிருக்கு மாப்ள. ஆளு அதேதான்" என்றார் தையல்காரர்.

ஓரத்தில் எங்கள் டிஸ்க் தெரிந்தது. திறந்தேன். நான் பெயர் போட்டு வைத்த ஒவ்வொரு பெட்டியும் அப்படியே இருந்தது. ஆலங்குடி என்ற பெட்டியைத் தொட்டேன். உள்ளே படங்கள் குட்டி குட்டியாக வரிசை கட்டி வந்தன.

"வந்துருச்சாத்தா?"

"வந்துருச்சும்மா."

தம்பி முதலில் வெளி டிஸ்குக்கு ஏற்றச் சொன்னான், பார்ப்பதெல்லாம் அப்புறம் என்றான். ஏற்றினேன். கோடு மெதுவாக நகர்ந்தது. மேஜைப் பக்கம் யாரும் போகவில்லை. இவர் டீ வாங்கி வந்தார். பெண்ணின் அம்மா குடித்தார். மழை வரும் போல இருந்தது. தையல்காரர் எழுந்து போய், கொடியில் தொங்கிய ஜாக்கெட்டுகளை உள்ளே எடுத்துப் போட்டுவிட்டு மறுபடி வந்து உட்கார்ந்தார்.

"ஏறிருச்சா?" என்று தம்பி கேட்டான்.

"ஏறிருச்சு."

"சாப்பிட்டியா?"

"இனிமேத்தான்."

"சாப்பிடு. வச்சிர்றேன்." வைத்துவிட்டான்.

நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார் அந்த அம்மா. ஒவ்வொன்றாகத் தள்ளினேன். பெண் அழைப்பு. "தள்ளு." நலங்கு. "தள்ளு." மகள் மாலையோடு தனியாகச் சிரிக்கும் படம், இவர் எடுத்ததில் நல்ல படம். "அது எங்க போயிரும். தள்ளு."

மண்டப வாசல் வந்தது.

ஒன்றில் தம்பிக்காரர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த அம்மா தம்பியின் கையிலிருந்த சீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்ததில் இவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதற்கடுத்ததில் யாரோ குறுக்கே கையை நீட்டிவிட்டார்கள், பந்திக்குக் கூப்பிடுகிற கை. பிறகு ஒன்றில் இருவரும் நேராக நின்றார்கள். சிரிப்பு இல்லை. தோள் தொட்டுக்கொண்டிருந்தது.

அவர் திரையின் பக்கம் குனிந்தார். "கிழடு தட்டிப் போச்சு அவனுக்கு" என்றார். பிறகு பக்கத்தில் இருந்த தன் முகத்தைப் பார்த்து, "எனக்கும்தான்" என்றார்.

"இன்னும் இருக்கா பாரு."

கடைசிப் படம் வரை தள்ளினேன். பந்தி வந்தது, மறுவீடு வந்தது. இருவரும் சேர்ந்து நிற்பது வேறு இல்லை.

"நேரா நிக்கிறதைப் பிரிண்டு போட்ரவாம்மா?"

"எல்லாத்தையும் போடு."

"ஒண்ணுல மூஞ்சியே தெரியலையேம்மா. ஒண்ணுல கை மறைக்குது."

"இருக்கட்டும். பக்கத்துல நிக்கிறான்ல."

பிரிண்டருக்குக் கம்ப்யூட்டர் தேவையில்லை. பென் டிரைவில் ஏற்றிச் செருகினேன். ஒவ்வொன்றாக வந்தது. மை காயும்வரை மேஜையில் பரப்பி வைத்தேன். அவர் தொடவில்லை, பார்த்துக்கொண்டிருந்தார். கவரில் போட்டேன். உள்ளே எத்தனை படம் என்று கவரின் மேல் எழுதிக் கொடுப்பது கடை வழக்கம். எழுதினேன்.

நான்கு.