காப்புக் கட்டிய நாளில் போட்ட தளம்

கேரளத்தில் ஒரு கட்டடத்தின் மேல்தளத்தில் கம்பி கட்டிக்கொண்டிருந்தபோதுதான் என் மனைவி செல்வி போன் செய்தாள். அழுகை மட்டும் கேட்டது. பிறகு யாரோ போனை வாங்கிச் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தில் மேலேயிருந்து சிமெண்டுக் காரை பெயர்ந்து என் மகள் தர்ஷினியின் தோளில் விழுந்துவிட்டது. உயிருக்கு ஒன்றுமில்லை.

உயிருக்கு ஒன்றுமில்லை என்ற ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் பஸ் மாறி மாறி வந்து சேர்ந்தேன். அப்போது அவள் மூன்றாம் வகுப்பு. தோள்பட்டை எலும்பில் முறிவு. கட்டுப் போட்டு உட்கார வைத்திருந்தார்கள். என்னைப் பார்த்து அழவில்லை. "அப்பா, நீ எப்பப் போவே?" என்று கேட்டாள். நான் வந்தால் அதைத்தான் முதலில் கேட்பாள். அவளுக்குப் பழகிவிட்டது.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பிறந்தது ஜெகதாப்பட்டினம். ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஐஸ் கம்பெனியில் ஐஸ் கட்டி தூக்கினேன், படகுக்குப் போனேன், திருப்பூரில் பனியன் மடித்தேன். கடைசியில் சென்ட்ரிங் வேலை கைக்கு வந்தது. பலகை அடித்து, கம்பி கட்டி, கான்கிரீட் போட்டு முடித்ததும் அடுத்த ஊருக்குப் போய்விட வேண்டும். எனக்கு அது பிடித்திருந்தது. ஒரே ஊரில் ஒரு மாதம் இருந்தால் கால் அரிக்கும். பெண்ணெடுத்தது குன்றாண்டார்கோவில் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். மனைவியும் மகளும் அங்கேயே இருந்தார்கள். நான் வருவேன், போவேன்.

எலும்பு கூடிவிட்டது. பயம்தான் போகவில்லை. பழைய பள்ளிக் கட்டடத்தை இடித்துவிட்டு, பிள்ளைகளை ஊர்ச் சமுதாயக் கூடத்தில் உட்கார வைத்தார்கள். தர்ஷினி அதற்குள் போக மறுத்தாள். வெளியே புங்கமரத்தடியில் உட்கார்ந்து, ஜன்னல் வழியாக டீச்சர் சொல்வதைக் கேட்டு எழுதுவாள். மழை வந்தால் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவாள். எங்கள் வீடு கூரை வீடு. அதற்குள் நன்றாகத் தூங்கினாள். ஏன் என்று கேட்டதற்கு, "ஓலை விழுந்தா வலிக்காதுப்பா" என்றாள்.

நான் ஊர் ஊராகப் போய்ப் போடுவது சிமெண்டுத் தளம். என் மகள் சிமெண்டுத் தளத்துக்குக் கீழே உட்கார மாட்டாள். இதை யாரிடம் சொல்வது?

பள்ளிக்கு அடுத்தாற்போல் மாரியம்மன் கோயில். ஒரு வெள்ளிக்கிழமை அங்கே போய் நின்றேன். எனக்கு அதற்குமுன் கும்பிடத் தெரியாது என்றே சொல்லலாம். "ஆத்தா, இந்தப் பிள்ளை மறுபடியும் ஒரு வகுப்புக்குள்ள போய் உக்காரணும். அதுக்கு நீ என்ன கேட்டாலும் தாரேன்" என்றேன். என்ன கேட்பாள் என்று யோசிக்காமல் சொன்ன வார்த்தை. பிறகு கோவாவுக்கு வேலைக்குப் போய்விட்டேன்.

ஒன்றும் நடக்கவில்லை. புதுக் கட்டடம் கேட்டுக் கிராம சபையில் மனு எழுதினார்கள். நிதி வரும் என்றார்கள். வரவில்லை. வசதி உள்ளவர்கள் பிள்ளைகளை வேனில் ஏற்றி வெளியே அனுப்பினார்கள். பிள்ளைகள் இன்னும் குறைந்தால் இந்தப் பள்ளியைப் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள் என்ற பேச்சும் வந்தது. பக்கத்து ஊர்ப் பள்ளி பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம். அங்கே புங்கமரமும் இல்லை, ஜன்னல் வழியாகப் பாடம் சொல்லும் டீச்சரும் இல்லை. தர்ஷினியின் படிப்பு அதோடு முடிந்துவிடும் என்று எனக்குத் தெரிந்தது. என்னுடையது அப்படித்தான் முடிந்தது.

அடுத்த வருஷம் ஒருவழியாக அரசாங்கத்திலிருந்து இரண்டு வகுப்பறைக்கு நிதி ஒதுக்கி உத்தரவு வந்தது. குளத்தூர்ப் பக்கத்துக் காண்ட்ராக்டர் ஒருவர் வேலையை எடுத்தார். பெரிய டீச்சர் எங்களுக்கு விளக்கிச் சொன்னார். பணம் மொத்தமாக வராது. அஸ்திவாரம் முடிந்ததும் ஒரு பங்கு, தளம் போட்டதும் ஒரு பங்கு. ஒவ்வொரு தடவையும் இன்ஜினியர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். தளம் சரியில்லை என்று எழுதிவிட்டால் வேலை அப்படியே நிற்கும். மறுபடி நிதி எந்த வருஷம் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

பங்குனியில் தளம் போடும் வேலைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். அன்று மத்தியானத்துக்குள் முடித்துவிட்டு, சாயங்கால பஸ்ஸில் கிளம்புவதாக இருந்தேன். கோவாவில் கூட்டாளிகள் காத்திருந்தார்கள். அவசரத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. அன்றைக்குத்தான் கோயிலில் காப்புக் கட்டு. காப்புக் கட்டிவிட்டால், திருவிழா முடிந்து காப்பு அவிழும் வரை ஊரில் இருப்பவர்கள் வெளியூரில் போய்த் தங்கக் கூடாது. அது அந்த ஊர்க் கட்டு. இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும்.

கலவை மெஷின் நடுவில் நின்றுவிட்டது. சரிசெய்து கான்கிரீட்டைப் போட்டு முடிக்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. கை கால் கழுவிவிட்டுப் பையை எடுத்தேன்.

"ஏங்க, ஒரு கும்பிடு போட்டுட்டுப் போங்க" என்றாள் செல்வி.

கோயிலில் கூட்டம். திருநீறு வாங்கக் கையை நீட்டினேன். பூசாரி என் மணிக்கட்டைப் பிடித்து மஞ்சள் கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டார்.

"அய்யய்யோ, நான் ஊருக்குப் போறேன் பூசாரி!"

"அதை அவிழ்க்கும்போது சொல்லு மாப்ள" என்றார். பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். நான் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டு, செல்வி பூசாரியிடம் முன்பே சொல்லி வைத்திருந்தாள் என்பது அப்போதுதான் தெரிந்தது.

கோவாவுக்குப் போன் போட்டுக் கூட்டாளிகளிடம் சொன்னேன். என் இடத்துக்கு வேறு ஆள் போட்டுவிட்டார்கள். எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. ஆத்தாவையே திட்டினேன்.

புதுத் தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும். மூன்று வாரமாவது ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் வெயிலில் வெடிக்கும். தண்ணீர் ஊற்ற ஆள் அனுப்புவதாகச் சொல்லிவிட்டு காண்ட்ராக்டர் அடுத்த வேலைக்குப் போய்விட்டார். ஆள் வரவில்லை. போன் போட்டால், "முதல் பில்லே இன்னும் வரலைங்க, நான் எங்கிட்டுப் போய் ஆள் பிடிக்கிறது" என்றார். அவர் சொன்னதும் பொய்யில்லை. பள்ளியில் இருந்த போர் கிணறும் மூன்றாம் நாள் வற்றி, வெறும் காற்றைத் தள்ளியது.

இத்தனை வருஷமாகத் தளம் போட்டிருக்கிறேன். போட்ட பிறகு அதற்கு என்ன ஆகிறது என்று ஒரு தடவைகூட நின்று பார்த்ததில்லை. இப்போது கையில் கயிறு. வேறு போக்கிடம் இல்லை. சைக்கிளில் குடங்களைக் கட்டிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போனேன். "கடலைக்கே தண்ணி பத்தலப்பா" என்று மோட்டாரை நிறுத்தினார்கள். ஊர்க் குழாயில் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான். அங்கே வரிசையில் போய் நின்றேன். ராக்காயி அத்தை என்று ஒருத்தர், அவர் வாய்க்கு ஊரே பயப்படும்.

"என்ன மாப்ள, குடிக்கவே ஒரு கொடத்துக்கு நாக்குத் தள்ளுது. ஒங்க சிமிட்டிக்குத் தாகமெடுக்குதாக்கும்?"

வரிசையே சிரித்தது. நான் வெறும் குடத்தோடு திரும்பினேன்.

மறுநாள் மத்தியானம் மேலே ஏறிப் பார்த்தேன். பாத்தி காய்ந்து கிடந்தது. நான் பரப்பிய வைக்கோலும் சாக்கும் மொறுமொறுவென்று இருந்தன. ஒரு மூலையில் வைக்கோலை விலக்கினால், முடி அளவுக்கு மெல்லிய கீறல்கள். கையை வைத்தேன், சுட்டது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இது வெடித்தால் இன்ஜினியர் கையெழுத்துப் போட மாட்டார். பள்ளி போய்விடும். கையெழுத்தே போட்டாலும், வெடித்த தளத்துக்குக் கீழே போய் உட்கார் என்று நான் என் பிள்ளையிடம் எந்த வாயால் சொல்வேன்?

அங்கிருந்து பார்த்தால் கோயில் கோபுரம் தெரியும். "மாரின்னா மழைன்னு சொல்றாங்க. ஒரே ஒரு மழை குடு. ஊருக்கு வேணாம், இந்தத் தளத்துக்கு மட்டும் குடு" என்று சத்தமாகவே கேட்டேன். அழுதேன். வானத்தில் ஒரு துணுக்கு மேகம்கூட இல்லை.

மழை வரவில்லை. அந்தத் திருவிழா முடியும் வரைக்கும் ஒரு சொட்டு விழவில்லை. அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

நான் அழுததைக் கீழே நின்ற செல்வி பார்த்திருக்கிறாள். காப்புக் கட்டிய நாளிலிருந்து ஊர்ப் பெண்கள் தினமும் சாயங்காலம் ஈரச் சேலையோடு ஒரு குடம் மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து கோயில் வேப்பமரத்துக்கு ஊற்றுவார்கள். ஆத்தாவுக்கு என்று கேட்டால் தோட்டத்துக்காரர் யாரும் இல்லை என்று சொல்லக் கூடாது. கடலை காய்ந்தாலும் மோட்டாரைப் போட்டுவிட வேண்டும். செல்வி அன்று ஊற்றிவிட்டு, வெறும் குடத்தோடு பூசாரியிடம் போய் நின்றாள்.

"நான் கொடமெடுக்கிறது எம் பொண்ணுக்கு வேண்டிக்கிட்டுத்தான். இன்னொரு கொடம் மோந்து பள்ளிக்கூடத்துத் தளத்துக்கு ஊத்தலாமா? தப்பாயிருமா?"

பூசாரி அவள் கையிலிருந்த வெறும் குடத்தைப் பார்த்தார். நான் கொஞ்சம் தள்ளி நின்றிருந்தேன். தெய்வக் காரியத்துக்குத் தந்த தண்ணீர். கூடாது என்று சொன்னால் அதற்குமேல் பேச்சில்லை.

"ஆத்தாளுக்கு இந்த மரம் மட்டுந்தானா எடம்? மரத்துக்கு ஊத்திட்டுப் போய் அங்கிட்டும் ஊத்து" என்றார்.

செல்வி ஒருத்திதான் தண்ணீர் மோக்கப் போனாள். அவள் பள்ளிக்கு வந்து சேரும்போது பின்னால் இன்னொரு குடம் வந்தது. ராக்காயி அத்தை.

"அத்தை, நீங்களா?"

"ஏன், பேரன் வேன்ல ஏறிப் போறதுக்கு எங்க வீட்ல பணம் காய்க்குதா? பிடிய்யா கொடத்த, இடுப்பு ஒடியுது."

மறுநாள் முக்கால்வாசிப் பெண்கள் இரண்டாவது குடம் எடுத்தார்கள். சாரத்தில் நான் நின்று வாங்கி வாங்கி மேலே ஊற்றினேன். மஞ்சளும் வேப்பிலையுமாகப் பாத்தி நிறைந்தது. காலையில் காக்கையும் மைனாவும் வந்து குடித்தன. ஊரில் தேங்கி நின்ற தண்ணீர் அது ஒன்றுதான். காப்பு அவிழ்வதற்குள் பள்ளி போரைத் தூர்வாரிக் கொடுக்கப் பஞ்சாயத்தில் ஏற்பாடு செய்துவிட்டார்கள். மிச்ச நாளுக்கு அந்தத் தண்ணீர் போதுமானதாக இருந்தது.

இன்ஜினியர் ஒரு சின்ன வயதுப் பெண். ஸ்கூட்டியில் வந்தார். சுத்தியலால் தட்டித் தட்டிப் பார்த்தார். கீறல் விட்ட அந்த மூலைக்கு வந்ததும் குனிந்து கையால் தடவிப் பார்த்தார். நானும் பக்கத்தில் குனிந்தேன்.

"மேலாக வந்த கீறல்தாங்க. உள்ள போகல" என்றார். பிறகு கையை முகர்ந்து பார்த்துவிட்டு, "ஏன் வேப்பிலை வாசம் வருது?" என்று கேட்டார். ராக்காயி அத்தை கீழேயிருந்து, "அம்மை போட்டிருந்துச்சு மேடம், தண்ணி ஊத்திட்டோம்" என்றார்.

கையெழுத்தானது. பணம் தாமதமாகத்தான் வந்தது, ஆனால் வந்தது. ஆடி கழிந்துதான் வகுப்பைத் திறந்தார்கள். சுற்றுச்சுவரும் கழிப்பறையும் இன்னும் இல்லை. அதற்கு நிதி வரவில்லை. மறுபடி மனு எழுதியிருக்கிறோம்.

திறந்த அன்று எல்லாப் பிள்ளைகளும் உள்ளே ஓடின. தர்ஷினி வாசலில் நின்று மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, இது நீ போட்டதா?"

"நானும் போட்டேன். ஊரே தண்ணி ஊத்துச்சு."

"விழாதுல்ல?"

எத்தனை ஊரில் எத்தனை தளம் போட்டிருப்பேன். கீழே குடியிருக்கப் போகிறவர்கள் யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. கேட்கும் நேரத்தில் நான் அங்கே இருந்ததில்லை. "விழாதும்மா. காயிற வரைக்கும் பக்கத்துலயே இருந்து பாத்தேன்" என்றேன்.

அவள் வாசலை ஒட்டி உட்கார்ந்தாள். ஒரு கால் வெளியே. அடுத்த வாரம் அந்தக் காலும் உள்ளே போனது. இடி இடித்தால் இன்னும் மேலே பார்க்கிறாள் என்று டீச்சர் சொல்கிறார். ஆனால் எழுந்து ஓடுவதில்லை.

இப்போது இந்தப் பக்கத்திலேயே வேலை பார்க்கிறேன். கூலி குறைவு. கால் அரிக்கத்தான் செய்கிறது. தளம் போட்டால் ஈரம் காயும் வரை தினமும் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

இதைப் படிக்கும் அக்கா, தங்கச்சி, அண்ணன் தம்பிகளே, உங்களுக்கும் ஒரு கஷ்டம் இருக்கும். ஆத்தாவிடம் கேளுங்கள், பயப்படாமல் கேளுங்கள். நான் மழை கேட்டேன், அவள் குடம் குடமாக ஆள் அனுப்பினாள். என்ன கேட்டாலும் தாரேன் என்று சொல்லியிருந்தேன். அவள் கேட்டது நான் ஓர் இடத்தில் நிற்பதை மட்டும்தான். அதை என் கையில் கட்டியபோது அவளைத்தான் திட்டினேன். உங்கள் கையிலும் அப்படி ஒரு கயிறு விழுந்தால், அவசரப்பட்டு அறுத்துவிடாதீர்கள். கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள்.

இந்தப் பங்குனியிலும் காப்புக் கட்டினார்கள். கூட்டத்தில் பூசாரி என்னைக் கவனிக்கவில்லை. நானே முன்னால் போய்க் கையை நீட்டினேன்.