யோசனை சொன்னால் போன் வரும்

ஆரணியிலிருந்து வேலூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார் ஒரு நெசவுக்கார அம்மா. மொட்டைத் தலையில் துண்டு, உடம்பில் கிளிப்பச்சைப் பட்டு. மார்பகப் புற்றுநோய்க்கு ஊசி போட்டுக்கொள்ளப் போகிறாராம்.

"ஊசியக்கூட தாங்கிக்கலாம் சார். ராத்திரி பொசுக்கு பொசுக்குன்னு முழிப்பு வந்துடுது. அதான் பேஜாரு."

யாரும் கேட்காமலே யோசனை சொல்வது என் பிறவி வியாதி. "படுக்கறதுக்கு முன்னாடி சூடா பால் குடிங்கம்மா. அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவீங்க" என்றேன்.

உடனே செல்போனை எடுத்தார். "உங்க நம்பர் சொல்லுங்க சார்."

"எதுக்கும்மா?"

"யோசனை சொல்றவங்க எல்லார்கிட்டயும் வாங்கிடுவேன். தூக்கம் வரலைன்னா போன் போட்டுச் சொல்லணும்ல? நான் மட்டும் ஏன் தனியா முழிச்சிகினு கெடக்கணும்?"

பஸ்ஸே சிரித்தது. வசமாக மாட்டிக்கொண்ட நான் நம்பரைச் சொன்னேன்.

அந்த வாரமே ஒரு நடுராத்திரி போன் அடித்தது. "சார், பால் குடிச்சேன். தூக்கம் வரல. வேற என்ன வெச்சிருக்கீங்க?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். கொட்டாவிதான் வந்தது.

"பாவம், நீங்க தூங்குங்க" என்று சிரித்தார். "என் தங்கச்சி வீட்டுக்காரரு யோகா பண்ணச் சொன்னாரு. அவர எழுப்பறேன்."

அன்றைக்கு நானும் விடியும்வரை முழித்துக் கிடந்தேன். அந்த யோகாக்காரராவது அவரிடம் ஒழுங்காகப் பேசியிருக்க வேண்டுமே என்று ஒரே கவலை.