முட்டி வலியெல்லாம் ஒரு வலியா

என் வீட்டுக்காரர் டைல்ஸ் ஒட்டுகிறவர். இருபத்திரண்டு வருஷமாக ஊரார் வீட்டுத் தரையில் மண்டி போட்டுத்தான் பிழைப்பு. சாயங்காலம் வந்தால் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நிற்பார். கேட்டால், ஒன்றுமில்லை, கால் மரத்துப்போச்சு என்பார். பொய்யைக்கூட மாற்றிச் சொல்லத் தெரியாத மனுஷன்.

நான் சலவைக் கடையில் நாள் முழுக்க நின்று இஸ்திரி போடுகிறவள். எனக்குக் குதிகால். எங்கள் வீட்டில் வலி என்பது குழாய் சொட்டுகிற மாதிரி. சொட்டிக்கொண்டே இருக்கும், யாரும் எழுந்து போய்ப் பார்க்க மாட்டோம்.

இந்த வீட்டில்தான், பள்ளிக்கூடத்தில் தடை தாண்டி ஓடுகிற எங்கள் பதினைந்து வயது மகள் ஒரு நாள் நொண்டிக்கொண்டு வந்து முட்டி வலிக்கிறது என்றாள். கடைசித் தடையைத் தாண்டி இறங்கும்போது கால் பிசகி, உள்ளே ‘டப்’பென்று ஏதோ கேட்டதாம். அவர் தன் தைலத்தை எடுத்துத் தேய்த்துவிட்டார். பழைய துணியைக் கிழித்து இறுக்கிக் கட்டினார்.

“முட்டி வலியெல்லாம் ஒரு வலியா? நடக்க நடக்க சரியாயிடும்.”

அக்கறை இல்லாமல் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான். நான் மட்டும் என்ன கிழித்தேன்? போட்டிக்குப் பயந்து சாக்குச் சொல்கிறாள் என்றேன். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அப்புறம் அவள் வாயே திறக்கவில்லை. இரண்டு மாதம் அதே காலோடு ஓடினாள். போன வாரம் மாடிப்படியில் கால் மடங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்குத்தான் இரண்டு பேரும் வேலையைப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு, ஜவ்வு கிழிந்திருக்கிறது என்றார். கிழிந்த காலோடு ஓடியதில் இன்னும் மோசமாகிவிட்டதாம். ஆபரேஷன் செய்தால் நடை சரியாகும், மறுபடி தடை தாண்டுவாளா என்று இப்போது சொல்ல முடியாது என்றார். முதல் வாரமே ஏன் வரவில்லை என்றும் கேட்டார்.

என் வீட்டுக்காரர் அந்தப் படத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, தரை மட்டம் பார்க்கிறவர் போல ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். என்ன தெரிந்ததோ.

“நான்தான், டாக்டர். சரியாயிடும்னு நான்தான் சொன்னேன்.”

எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தது. யார் மேல் கோபப்படுவது? கோபப்படவும் தெம்பு வேண்டுமே.

கிளம்பலாம் என்று எழுந்தவர் வழக்கம்போல மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார். உங்களுக்கு எத்தனை நாளாக இப்படி என்று டாக்டர் கேட்டார். ஒன்றுமில்லை, கால் மரத்துப்போச்சு என்றார். அங்கேயும் அதே பொய்.

கட்டிலில் காலை நீட்டிக் கிடந்த மகள், ஓட முடியாமல் போகலாம் என்றபோதுகூட அழாதவள், இப்போது அழுதாள்.

“அப்பாவுக்கும் படம் எடுங்க டாக்டர். வலிக்குதுன்னு அவர் ஒரே ஒரு தடவை சொல்லட்டும். அப்பதான் எனக்கு வலிச்சா நான் வீட்டுல சொல்ல முடியும்.”

அவர் அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கை மேஜையை விடவில்லை.

“வலிக்குதும்மா,” என்றார். “ரொம்ப வருஷமா வலிக்குது.”

அவள் நல்ல காலை ஒதுக்கி இடம் விட்டாள். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார்.