பத்துக்குப் பத்து வாங்கித் தந்த வாய்

எனக்கு ஆங்கிலம் தெரியும் என்று உக்குவளையில் எங்கள் தெரு முழுக்க ஒரு வதந்தி உண்டு. அதைக் கிளப்பியவன் நான்தான். எல்கடுவப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் இருபத்திரண்டு வருடமாகக் கிளாக்கர் வேலை பார்க்கிறேன். அங்கே கடிதமெல்லாம் ஆங்கிலத்தில்தான். போன வருடத்துக் கடிதத்தை எடுத்துத் தேதியை மாற்றினால் இந்த வருடத்துக் கடிதம் தயார். போன வருடத்துக் கடிதமும் அதற்கு முந்திய வருடத்திலிருந்து அப்படி வந்ததுதான். முதன்முதலில் அதை எழுதிய புண்ணியவான் யாரென்று யாருக்கும் தெரியாது. செத்துப் போயிருப்பார். அவருடைய ஆங்கிலத்தில்தான் நான் இன்றைக்கும் சோறு தின்கிறேன்.

இதெல்லாம் தெருவுக்குத் தெரியுமா? ஆங்கிலப் பத்திரிகை ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் பஸ் ஏறுவேன். சாப்பாட்டுப் பார்சல் சுற்றுவதற்காக ஆபீசிலிருந்து எடுத்து வந்த பழைய பத்திரிகை. பக்கத்து சீட்டில் தெரிந்த முகம் இருந்தால் விரித்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, "சே" என்று மடித்துவிடுவேன். நாடு போகிற போக்கை நினைத்து மனம் நொந்தார் என்று அவர் நினைத்துக்கொள்வார். நான் பார்த்தது பழைய வேன் விற்கும் விளம்பரம்.

இப்படி நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்த பிழைப்பில் மகள் மண்ணைப் போட்டாள். சாதாரண தரப் பரீட்சை நன்றாக எழுதியிருந்தாள். உயர்தரத்தில் வர்த்தகம் படிக்க வேண்டும், அதுவும் ஆங்கில மொழிமூலத்தில் படிக்க வேண்டும் என்பது அவள் பிடிவாதம். அந்த வகுப்பு இருந்தது மாத்தளை டவுனில் ஒரு பாடசாலையில். இருபத்தைந்தே இடம். சேர்ப்பதற்கு அவர்களே ஒரு பரீட்சை வைத்தார்கள். இலக்கணம், வாசிப்பு, கேட்டல் என்று மூன்று பகுதி. தவறினால் பழைய பாடசாலையிலேயே அவளுக்குப் பிடிக்காத கலைப் பிரிவில் உட்கார வேண்டியதுதான். பரீட்சைத் தேதியைக் கடுதாசியில் எழுதி அலுமாரிக் கண்ணாடியில் ஒட்டிவிட்டாள். அன்றிலிருந்து தலை சீவப் போகும்போதெல்லாம் அந்தத் தேதி என் நெற்றியில் ஒட்டிக்கொண்டு நின்றது.

இலக்கணமும் வாசிப்பும் அவளுக்குப் பயமில்லை. கேட்டல்தான் பயம். யாரோ ஒருவர் ஆங்கிலத்தில் ஒரு பந்தி வாசிப்பார், கேட்டுவிட்டு விடை எழுத வேண்டும்.

"டீச்சர் சொன்னாங்க, வீட்ல யாராச்சும் சத்தமா வாசிச்சா அத கேட்டுப் பழகலாமாம். அப்பா ஆபீஸ்ல இருக்காருதானே, ஒனக்கென்ன கொறைன்னு கேட்டாங்க" என்றாள் மகள்.

"நல்ல டீச்சர்" என்றேன். அந்த டீச்சர் நாசமாய்ப் போக என்று மனதுக்குள் வாழ்த்தினேன்.

என் பயம் எப்படிப்பட்ட பயமென்று சொல்ல வேண்டும். சிறுத்தையைக் கண்டு பயப்படுகிறவனுக்கு ஒரு மரியாதை இருக்கிறது. நான் பயந்தது பயிற்சிப் புத்தகம் ஒன்றைக் கண்டு. அட்டையில் மூன்று பிள்ளைகள் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டிருக்கும் புத்தகம். உள்ளே இருக்கிறவர்கள் மனிதர்களே இல்லை. ஞாயிற்றுக்கிழமையானால் குடும்பத்தோடு பூங்காவுக்குப் போகிறார்கள். வழியில் சந்திப்பவர்கள் எல்லாரும் காலை வணக்கம் சொல்கிறார்கள். ஒருவனுக்கும் பஸ் தவறுவதில்லை, வயிறு கலங்குவதில்லை. இப்படி ஒரு கூட்டத்தைப் பார்த்தா உனக்கு உள்ளங்கை வியர்த்தது என்று கேட்டால், ஆமாம், வியர்த்தது.

முதல் நாள் தொண்டை கட்டிவிட்டது என்று சைகையில் சொல்லித் தப்பினேன். மனைவி கொத்தமல்லி அவித்துக் கொடுத்தாள். குடித்துவிட்டுக் கிரிக்கெட் பார்த்தேன். கடைசி ஓவரில் நான் போட்ட கூச்சல் ரயில் பாதை வரைக்கும் கேட்டிருக்கும்.

"கொத்தமல்லி நல்லா வேலை செய்யுது போல" என்றாள் மனைவி. வீட்டிலேயே பாடசாலைச் சீருடை தைக்கிறவள். வாயில் குண்டூசியை வைத்துக்கொண்டு பேசுவதால் அவள் சொல்வதெல்லாம் கொஞ்சம் கூராகவே வரும்.

இரண்டாம் நாள் வேறொரு யோசனை. அவள் புத்தகத்து இலக்கணப் பயிற்சி ஒன்றை நானே இரகசியமாகச் செய்து பார்த்து, என் நிலைமையைத் தெரிந்துகொள்ளலாம் என்று நினைத்தேன். குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு இருபது கேள்விக்கும் விடை எழுதினேன். புத்தகத்தின் பின்னால் விடைகள் இருந்தன. பார்க்கத் தைரியம் வரவில்லை. கடுதாசியை மடித்துச் சட்டைப் பையில் போட்டேன். சட்டை துவைக்கப் போயிற்று, கடுதாசி மகள் கைக்குப் போயிற்று. சாயங்காலம் என் தலையணை மேல் அது கிடந்தது. சிவப்புப் பேனாவால் இருபதுக்கு ஆறு என்று போட்டு, பாலர் வகுப்புப் பிள்ளைக்குப் போடுவது போல ஒரு நட்சத்திரமும் வரைந்திருந்தாள்.

"நட்சத்திரம் எதுக்கு?"

"எழுத்து அழகா இருந்துச்சுப்பா."

மூன்றாம் நாள் தப்ப வழியில்லை. சாப்பாட்டு மேசையில் நான் ஒரு பக்கம், அவள் மறுபக்கம். கேள்விகள் அவள் கையில், பந்தி என் கையில். ஒரு மனிதர் ரயிலில் நுவரெலியாப் பக்கம் போய்க் குடையைத் தொலைக்கிற கதை. வாசித்தேன். எப்படி வாசித்தேன் என்று எனக்கு ஞாபகமில்லை.

மகள் விடைகளைச் சரிபார்த்தாள். பத்துக்கு ஒன்பது.

"அப்பா! நல்லா வெளங்குதுப்பா!"

மறுநாள் பத்துக்குப் பத்து. அடுத்த நாளும் பத்துக்குப் பத்து.

இனி என்னைப் பிடிக்க முடியுமா? வீங்கிப் போனேன். ஒரு வாரத்துக்குள் நானே ஒரு கல்வி நிறுவனம். பஸ்ஸில் பத்திரிகையை விரிக்கும்போது இப்போது இரண்டு பக்கம் திருப்பினேன். தேயிலைத் தொழிற்சாலையைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கரிடம் போய், "புள்ளைங்களுக்கு காது பழகணும் ஐசே. வாசிக்கிறவங்க சரியா வாசிச்சா புள்ள தானா எழுதும்" என்று வகுப்பு எடுத்தேன். அவர் பாவம், நல்ல மனிதர். "நம்ம பொடியனுக்கும் ஒரு நாளு வாசிச்சுக் காட்டுவீங்களா?" என்று கேட்டார். "பாப்போம், நேரம் கெடைச்சா" என்றேன். தோட்டத்துத் துரைமார்கூட லீவு கேட்டு வருகிறவர்களிடம் அவ்வளவு அலட்சியமாகச் சொன்னதில்லை.

வீட்டில் மனைவி மட்டும் மெஷினை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். கணவனின் திறமையில் மயங்கிவிட்டாள் என்று நினைத்தேன். இருபது வருடம் கழித்தாவது நடக்கிறதே என்று சந்தோஷம் வேறு.

பரீட்சைக்கு ஆறு நாள் இருக்கும்போது அவள் ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு மேசையோரம் உட்கார்ந்தாள்.

"இன்னைக்கு நானும் எழுதுறேன். வாசிங்க."

"ஒனக்கு என்னா வெளங்கும்?" என்று சிரித்தேன். எட்டாம் வகுப்போடு பாடசாலையை விட்டவள். அதற்குப் பிறகு அவளிடம் மிஞ்சியிருந்த ஆங்கிலம் அளவு நாடாவில் இருக்கிற எண்கள்தான்.

"வெளங்காட்டி என்னா? வாசிங்க."

வாசித்தேன். ஒரு சிறுமி நூலகத்துக்குப் போகிற கதை. மகள் அவள் பாட்டுக்கு விடை எழுதினாள். மனைவி கேள்வித்தாளைத் தொடக்கூட இல்லை. அளவு குறிக்கும் துண்டுக் கடுதாசியின் பின்பக்கம், தமிழ் எழுத்தில், காதில் விழுந்த சில சொற்களை மட்டும் குறித்தாள். 'வெனஸ்டே' என்றிருந்தது. 'த்ரீ' என்றிருந்தது. 'லைப்ரரி', 'புளூ பேக்', 'அங்கிள்' என்று பத்துச் சொல்.

"இத பாரு மக, இதுல எத்தனை விடை?"

மகள் புத்தகத்தின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். பத்தில் எட்டு. அதுவும் வரிசையாக.

"எப்படிம்மா? கதை என்னான்னு வெளங்குச்சா?"

"கதையாவது மண்ணாவது. ஒங்கப்பா மூஞ்சியப் பாத்து எழுதுனேன். விடை வர்ற எடத்துல நிப்பாட்டுறாரு. புருவத்தத் தூக்குறாரு. நீ எழுதி முடிக்கிற வரைக்கும் காத்துக்கிட்டு நிக்கிறாரு. பேனா நின்னதும் மறுபடி ஓடுறாரு. இதுக்கு இங்கிலீஷ் எதுக்கு? கண்ணு தெரிஞ்சா போதும்."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. செக்ரோல்! மாத முடிவில் வேலைப் பதிவேட்டைச் சரிபார்க்கும்போது நான்தான் சத்தமாக வாசிப்பவன். ஆள் எண்ணையும் வேலை செய்த நாளையும் வாசிப்பேன், சின்னக் கிளாக்கர் தன் பிரதியில் சரி போடுவார். பேனா 'கிறிச்' என்று விழும் சத்தம் கேட்டால்தான் அடுத்த ஆளுக்குப் போவேன். இருபத்திரண்டு வருடம் அப்படியே வாசித்து வாசித்து, எண், நாள் என்று குறித்துக்கொள்ளும்படி எதைக் கண்டாலும் என் வாய் தானாகவே பிரேக் போடப் பழகியிருக்கிறது. குடை தொலைத்தவனையும் நூலகத்துக்குப் போன சிறுமியையும் நான் கொழுந்தெடுக்கிற ஆட்களைப் போலப் பேர் கூப்பிட்டிருக்கிறேன். மகள் வாங்கிய பத்துக்குப் பத்தெல்லாம் என் புருவம் வாங்கியது.

மகள் போனை எடுத்து, கேட்டல் பயிற்சிக்கென்று யாரோ பதிவேற்றிய ஒரு குரலை ஓடவிட்டாள். ஒரு பெண் மூச்சு விடாமல் வாசித்தாள். நின்று பார்க்கவில்லை, காத்திருக்கவில்லை. முடிந்ததும் மகள் திருத்திப் பார்த்தாள். பத்துக்கு மூன்று.

அவள் அழுதிருந்தால் ஏதாவது பகடி சொல்லிச் சமாளித்திருப்பேன். அழவில்லை. எழுந்துபோய் அலுமாரிக் கண்ணாடியில் ஒட்டியிருந்த தேதிக் கடுதாசியை மெல்ல உரித்து எடுத்தாள்.

"எனக்கு வெளங்குதுன்னு நெனச்சிட்டேன்ப்பா" என்றாள்.

அன்றைக்குத்தான் எனக்கு உண்மையான பயம் வந்தது. அதற்கு முன்னால் பட்டதெல்லாம் என் மானத்துக்காகப் பட்ட பயம். கேவலம்.

உண்மையான பயத்திலும் நான் கோமாளிதான். மறுநாள் காலை மாரியம்மன் கோயிலில் நின்று, இடம் கிடைத்தால் நூற்றெட்டுத் தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொண்டேன். வாசலுக்கு வருவதற்குள் மனம் மாறித் திரும்பிப் போய் அதைப் பதினொன்றாகக் குறைத்தேன். பிறகு, பேரம் பேசினால் அம்மன் கோபித்துக்கொள்வாளோ என்று மூன்றாவது தடவையும் போனேன். பூசகர் என்னைப் பார்த்த பார்வையில், வீட்டில் ஏதோ சாவு என்று நினைத்திருப்பார். சாயங்காலம் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று வாசித்துப் பார்த்தேன், முகம் தெரியாதல்லவா? அப்போதும் வாய் நின்று நின்றுதான் போனது.

"போதும். இனி நீங்க வாசிக்க வேணாம்" என்றாள் மனைவி.

மிச்ச நாட்களை அவள் எடுத்துக்கொண்டாள். மகள் போனைக் கவிழ்த்து வைத்துக் கேட்க வேண்டும், பக்கத்தில் இவள் மெஷினை மிதிப்பாள். "அந்த ஹோல்ல நாய் குரைக்கும், பஸ் ஹோர்ன் அடிக்கும். யாரு ஒனக்காக நிப்பாட்டப் போறா?" முதல் நாள் பத்துக்கு நாலு, பிறகு ஐந்து. ஒரு நாள் மறுபடி மூன்றுக்கு இறங்கியது. கடைசி நாள் ஆறு. என்னுடைய பங்கு அடுத்த அறையில் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தது.

பரீட்சை சனிக்கிழமை காலை. பாடசாலைக்குள் பெற்றோரை விடவில்லை. மண்டபம் மதிலோரமாகவே இருந்ததால் நாங்கள் ஒரு கூட்டம் மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றோம். உள்ளே ஒரு டீச்சர் மேடையில் ஏறிக் கேட்டல் பந்தியை வாசிக்கத் தொடங்கினார். வெளியில் இருந்த அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டோம். ஏதோ எங்களுக்குத்தான் பரீட்சை என்பது போல எல்லா முகத்திலும் ஒரு புத்திசாலிக் களை. பக்கத்தில் நின்ற மிளகு வியாபாரி என் காதருகே குனிந்தார். டவுனில் கடை வைத்திருக்கிற முஸ்லிம் மனிதர், அவர் மகனும் உள்ளே இருந்தான்.

"அண்ணன், ஒங்களுக்கு வெளங்குதா?"

வழக்கமான நாளாக இருந்தால் தலையை ஆட்டியிருப்பேன்.

"ஒரு மண்ணும் வெளங்கல" என்றேன்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார், மனம் நிறைந்து. "நான் மட்டும்தானோண்டு நெனச்சன்."

டீச்சர் அருவி மாதிரி வாசித்தார். ஜன்னல் வழியே மகள் தெரிந்தாள். சுற்றியிருந்த பிள்ளைகள் எல்லாம் டீச்சருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவள் மட்டும் கண்ணை இறுக மூடியிருந்தாள். நடுநடுவே கண்ணைத் திறந்து தாளில் எதையோ எழுதுவாள், மறுபடி மூடிக்கொள்வாள். ஒரு தடவைகூட நிமிர்ந்து அந்த முகத்தைப் பார்க்கவில்லை.

வெளியே வந்து, "மூணு விட்டுட்டேன். இன்னொண்ணு சந்தேகம்" என்றாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை பட்டியல் போட்டார்கள். மூவரும் போனோம். அறிவித்தல் பலகைக்கு முன்னால் தள்ளுமுள்ளு. நான் எட்டிப் பார்ப்பதற்குள் மகள் குனிந்து, கூட்டத்துக்குள் நுழைந்து, விரலை வைத்து மேலிருந்து கீழே இறக்கிக்கொண்டே போனாள். விரல் இருபதையும் தாண்டியது. இருபத்து மூன்றில் நின்றது.

அவள் திரும்பி எங்களைப் பார்த்துச் சிரித்தாள். அந்த மிளகு வியாபாரியும் அங்கே நின்றார். அவர் மகன் பதினெட்டாவது.

"மாஷா அல்லாஹ். அண்ணன், மகளுக்கு யாரு படிப்பிச்சது?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன்.

"இவருதாங்க" என்றாள் மனைவி, நான் பேசுவதற்கு முன்னால். "கடைசி நாலு நாளு வாயே தொறக்கல. அதுலதான் புள்ள பாஸ்."

அவருக்கு அது விளங்கவில்லை. மகளுக்கு விளங்கியது. பட்டியலுக்கு முன்னால் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். திறந்த வாயை நான் மூடிக்கொண்டேன்.