நோகாத கடி

கச்சான் கடலை போடப்போவதாக அத்தான் சொன்ன நாளில் எனக்கு அது நல்ல செய்தியாகத்தான் பட்டது. அக்காவும் அவரும் பழுகாமத்தில் இருக்கிறார்கள், நெல்லை மட்டும் நம்பிய குடும்பம். வயல் வட்டை முடிகிற இடத்தில், அவர்களுடைய வயலுக்கு அப்பால், பல வருடமாக யாரும் கை வைக்காத மேட்டுத் துண்டு ஒன்று கிடந்தது. நாயுண்ணிச் செடியும் ஈச்சம்பற்றையும் இடுப்பளவுக்கு வளர்ந்து, மாடுகூட உள்ளே போகாது. அதை வெட்டித் துப்புரவாக்கினால் ஒரு போகம் கச்சான் எடுக்கலாம் என்று இரண்டு பேரும் முடிவு செய்தார்கள். கூலிக்கு ஆள் பிடிக்கவில்லை. தாங்களே வெட்டினார்கள்.

நான் மட்டக்களப்புப் பட்டணத்தில் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆசிரியை. தனியாள். சனிக்கிழமை காலையில் பஸ் ஏறி அக்கா வீட்டுக்குப் போய், ஞாயிறு பின்னேரம் திரும்புவேன். மற்ற நாட்களில் பின்னேரம் அவள் குளித்துவிட்டு வந்து எனக்குப் போன் எடுப்பாள். மாடு கன்று போட்டது, முருங்கையில் மயிர்க்கொட்டிப் புழு ஏறிவிட்டது, அடுத்த வீட்டில் சண்டை என்று அரை மணித்தியாலம் போகும். வைக்கும்போது என்ன பேசினோம் என்று இரண்டு பேருக்கும் நினைவிருக்காது.

பற்றை வெட்டத் தொடங்கிய முதல் சனிக்கிழமை நானும் கூடப் போனேன். அக்கா எனக்கு அத்தானின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுவிட்டாள். கணுக்காலைச் சுற்றிச் சீலைத் துண்டைக் கட்டி, அதில் மண்ணெண்ணெய் தடவினாள். அப்படியிருந்தும் பத்து மணிக்குள் முசுறு எறும்புக் கூடு ஒன்றைத் தலையில் கொட்டிக்கொண்டேன். கழுத்து, காது, முதுகு எல்லாம் நெருப்பு வைத்த மாதிரி எரிந்தது. அதற்குப் பிறகு காஞ்சோண்டிச் செடி உரசியது. முழங்கைக்குக் கீழே தடிப்புத் தடிப்பாக எழும்பி, சொறியச் சொறியப் பெருத்தது.

"பட்டணத்துத் தோல்!" என்று அக்கா சிரித்தாள். வாய்க்காலுக்கு இழுத்துக்கொண்டு போய், கழுத்தளவு தண்ணீரில் என்னை இருத்திவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் தேங்காயெண்ணெயில் மஞ்சளைக் குழைத்து முதுகெல்லாம் பூசினாள்.

"உனக்கு ஒண்டும் கடிக்கல்லையா?" என்று கேட்டேன்.

"என்ட தோல் மாட்டுத்தோல்கா. கடிச்சாலும் தெரியாது."

என் தடிப்புகள் ஒரு கிழமையில் ஆறிவிட்டன. அடுத்த சனிக்கிழமை பரீட்சைத் தாள் திருத்த வேண்டியிருந்ததால் போகவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமை போனபோது பற்றை முழுவதும் வெட்டி, எரித்து, மண் சாம்பல் நிறத்தில் கிடந்தது. அக்கா களைத்திருந்தாள். தலை கொஞ்சம் இடிக்கிறது, வெயிலாக இருக்கும் என்றாள்.

அன்று பின்னேரம் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தோம். அடுத்த வளவுப் பெண் தண்ணீர் அள்ளிக்கொண்டு போகும்வரை அக்கா வேண்டுமென்றே மெதுவாகச் சவர்க்காரம் போட்டாள். அவள் போனதும் என்னைக் கிட்டக் கூப்பிட்டாள்.

"புள்ள, ஒண்டு காட்டுறன். சத்தம் போடாத."

நெஞ்சில் கட்டியிருந்த குறுக்குக்கட்டை ஒரு பக்கம் தளர்த்தினாள். இடது மார்பின் அடி மடிப்பில், உடம்போடு ஒட்டினாற்போல் ஒரு கறுத்த பொருக்கு. பயற்றங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிது. சுற்றிவரச் சிவந்திருந்தது. சுருட்டு நெருப்பால் யாரோ சுட்டுவிட்ட மாதிரி இருந்தது.

"நோகுதா?"

"நோகவுமில்ல, சொறியவுமில்ல. அதான் எனக்குப் பயமா இரிக்கு."

அவள் ஏன் பயந்தாள் என்பதை நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் அம்மா மார்பில் கட்டி வந்துதான் இறந்தார். அந்தக் கட்டியும் முதலில் நோகவில்லை. அதனால்தான் அம்மா அதை மாதக்கணக்காக ஒருவருக்கும் சொல்லாமல் வைத்திருந்தார். கடைசியில் புண் பார்த்ததும், துணி மாற்றியதும், அந்த மணத்தோடு இருந்ததும் நாங்கள் இரண்டு பேரும்தான். அன்றிலிருந்து அந்த நோயின் பேரை எங்கள் இரண்டு பேரின் வாயும் சொன்னதில்லை. "அது" என்போம்.

"அதுவா இரிக்குமா?" என்று அக்கா கேட்டாள்.

"சும்மா விசர்க் கதை கதையாத. எறும்பு ஏதும் கடிச்சிருக்கும்" என்றேன். ஆனால் என் குரல் எனக்கே நம்பும்படியாக இல்லை.

"அத்தானுக்குச் சொல்லிராத. டொக்டருக்கும் சொல்ல ஒண்ணா. கச்சான் போட்டு முடியட்டும். மறுகா நானே வந்து காட்டுறன். சத்தியம் பண்ணு."

ஈரத் தலையைக் குனிந்து காட்டினாள். நான் அதில் கை வைத்துச் சத்தியம் பண்ணினேன்.

திங்கட்கிழமை அவளுக்குக் காய்ச்சல் தொடங்கியது. பனடோல் குடித்தாள். புதன்கிழமை போனில் அவள் குரல் தேய்ந்து வந்தது. தலையைப் பிளக்கிறது, கண்ணைத் திறக்க ஏலாது என்றாள். வியாழக்கிழமை நான் லீவு போட்டுவிட்டுப் போனேன். அத்தான் முற்றத்தில் ஓட்டோவை வைத்துக்கொண்டு நின்றார். இரண்டு பேருமாகத் தூக்கி ஏற்றினோம். வாவிப் பாலத்தைக் கடக்கும்போது காற்று முகத்தில் அடித்தது. அக்கா என் மடியில் நடுங்கிக்கொண்டு கிடந்தாள்.

ஆஸ்பத்திரியில் உடனே வாட்டில் போட்டார்கள். டெங்குவாக இருக்குமோ என்று இரத்தம் எடுத்தார்கள். அது இல்லை. பின்னேரம் இளம் டொக்டர் ஒருவர் கட்டிலடிக்கு வந்தார். என்னிடம் முன்பு படித்த மாணவர்களைவிடக் கொஞ்சம்தான் மூப்பு. பொறுமையாகக் கேட்டார்.

"அம்மா, வயல் வேலை செய்யிறதா? காட்டுப் பக்கம், பற்றைப் பக்கம் போனீங்களா?"

"ஓம். பற்றை வெட்டினவ" என்று அத்தான் சொன்னார்.

"பூச்சி ஏதாவது கடிச்சதா? உடம்பில எங்கயாவது ஒரு சின்னக் காயம், கறுத்த பொருக்கு மாதிரி இருக்கா? நோகாமலும் இருக்கும். யோசிச்சுச் சொல்லுங்க."

அக்கா என்னைப் பார்த்தாள். காய்ச்சலில் சிவந்த கண். அந்தப் பார்வையில் இருந்தது கெஞ்சலா, எச்சரிக்கையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"இல்ல" என்றாள்.

டொக்டர் என்னைப் பார்த்தார். "நீங்க ஏதாவது கண்டீங்களா?"

அத்தான் பக்கத்தில் நின்றார். அடுத்த கட்டிலில் ஆட்கள் இருந்தார்கள். பொருக்கு என்று அவர் சொன்னது என் காதில் விழத்தான் செய்தது. ஆனால் அவர் கேட்டது ஒரு பூச்சியைப் பற்றி. என் மனதில் இருந்தது அம்மாவின் புண். இரண்டும் ஒன்றாக இருக்கலாம் என்ற எண்ணம் எனக்கு வரவே இல்லை. சட்டையைத் திறந்தால் அவர்கள் அந்தப் பேரைச் சொல்லிவிடுவார்கள், முதலில் காய்ச்சல் மாறட்டும், அதைப் பிறகு பார்க்கலாம் என்று நினைத்தேன்.

"இல்ல டொக்டர்" என்றேன்.

வயல் செய்கிற ஆள் என்பதால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம் என்று அதற்கு மருந்து ஏற்றினார்கள். வெள்ளி போனது, காய்ச்சல் இறங்கவில்லை. சனிக்கிழமை அவள் வயிற்றிலும் கையிலும் இலேசான சிவப்புப் புள்ளிகள் தெரிந்தன. மூச்சு இழுத்தது, ஒக்சிசன் வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தபோது என் கையைத் தட்டிவிட்டாள்.

"ஏன் எல்லாரும் கடற்கரையில நிக்கிறீங்க? ஒரே இரைச்சலா இரிக்கு" என்றாள்.

"எங்க இரைச்சல் அக்கா? இது வாட்டு."

அவள் என் வாயையே பார்த்தாள். பிறகு அம்மாவைக் கூப்பிட்டாள். ஒரு தரம் அல்ல, திரும்பத் திரும்ப. அம்மா கதவடியில் நிற்பது போல அந்தப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டாள்.

கஞ்சிக் கோப்பையை வைத்துவிட்டு நடைபாதைக்கு ஓடினேன். மருந்துத் தட்டோடு வந்த தாதியை மறித்தேன்.

"மிஸ்ஸி, அக்காக்கு மார்புக்குக் கீழ ஒரு பொருக்கு இரிக்கு. கறுப்பா. நான் சொல்லாம விட்டுட்டன்."

 அவர் தட்டை அப்படியே ஜன்னலில் வைத்துவிட்டு டொக்டரைக் கூப்பிடப் போனார். டொக்டர் வந்தார். கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்தார்கள். அவர்கள் உள்ளே இருந்தது அரை நிமிடம்தான். வெளியே வந்ததும் டொக்டர் மருந்தை மாற்றி எழுதினார். அதன் பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"இது பற்றையில இருக்கிற ஒரு பூச்சி கடிச்ச இடம். உண்ணி இனம், கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னது. அது கடிச்சா இப்பிடித்தான் பொருக்கு வரும், பிறகு காய்ச்சல் வரும். முதல் நாளே கண்டிருந்தா அண்டைக்கே மருந்து தொடங்கியிருப்பம்."

"புற்றுநோய் இல்லையா?"

எத்தனையோ வருடத்துக்குப் பிறகு என் வாயால் அந்தச் சொல் வந்தது.

அவருக்கு விளங்கவில்லை. "இல்லையே, ஆர் சொன்னது?" என்றார்.

நான் நடைபாதை மர வாங்கில் உட்கார்ந்து அழுதேன். அந்த நேரத்தில் அது சந்தோஷ அழுகைதான். உண்ணிக்கு எட்டுக் கால், பூச்சிக்கு ஆறு கால் என்று வருடா வருடம் கரும்பலகையில் கீறிக் காட்டுகிறவள் நான். அப்படிப்பட்ட எனக்கே உண்ணிக் கடி தெரியாமல் போனதை நினைத்து வெட்கப்படவும் அப்போது எனக்குத் தோன்றவில்லை. அதல்ல, அதல்ல என்று மட்டும் மனம் சொல்லிக்கொண்டிருந்தது.

புதிய மருந்து தொடங்கி இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டது. செவ்வாய்க்கிழமை காலை அக்கா கண் திறந்தாள். அறிவு தெளிவாக இருந்தது. அத்தானைக் கண்டு இலேசாகச் சிரித்தாள். அவர் குனிந்து, "எப்பிடி இரிக்கு?" என்று கேட்டார்.

அவள் பதில் சொல்லவில்லை. திரும்பக் கேட்டார்.

"சத்தமாச் சொல்லுங்க" என்றாள் அக்கா. வாட்டே திரும்பிப் பார்க்கும்படி கத்திச் சொன்னாள். தான் கத்துவது அவளுக்குத் தெரியவில்லை.

இந்தக் காய்ச்சல் சிலருக்குக் காதைத் தாக்குமாம். பலருக்குத் திரும்பி வந்துவிடும், பொறுத்துப் பாருங்கள் என்றார்கள். பொறுத்துப் பார்த்தோம். மாதா மாதம் காது கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வலது காதில் கொஞ்சம் திரும்பியது. கிட்ட இருந்து, ஒருவர் மட்டும், ஆறுதலாகப் பேசினால் பிடித்துக்கொள்வாள். இடது காதில் ஒன்றும் இல்லை. இனி வராது என்று பிறகு சொல்லிவிட்டார்கள்.

கச்சானை அத்தான் தனியாகப் போட்டுத் தனியாகப் பிடுங்கினார். அடுத்த வருடம் அந்த மேட்டைத் தொடவில்லை. இப்போது திரும்பவும் பற்றை மூடிவிட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் அக்கா போன் எடுத்துப் பார்த்தாள். என் குரல் இரைச்சலாகத்தான் விழுகிறது என்றாள். நான் கத்துவேன். அவள் "என்ன? என்ன?" என்பாள். பிறகு "சரி புள்ள, வைக்கிறன்" என்று வைத்துவிடுவாள். சில கிழமையில் அதையும் விட்டுவிட்டாள். பின்னேரம் அந்த நேரம் வந்தால் எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. கல்யாண வீடுகளுக்கு அவள் போவதில்லை. மீன்காரர் தெருவில் கூவிக்கொண்டு போவது கேட்காததால் வாசல் படலையடியில் காத்துக்கொண்டு நிற்பாள். யாராவது ஒன்று கேட்க இவள் வேறொன்று சொல்ல, ஆட்கள் சிரிப்பார்கள். அவர்கள் சிரிக்கத் தொடங்குமுன் இவள் முந்திச் சிரித்துவிடுவாள். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் பார்க்க முடிவதில்லை.

ஒரு வருடத்துக்கு மேல் நான் அவளிடம் அந்த நாட்களைப் பற்றிப் பேசவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை, அத்தான் வயலுக்குப் போயிருந்த நேரம், அவளுடைய வலது பக்கத்தில் போய் இருந்தேன். அவள் அரிசி கொழித்துக்கொண்டிருந்தாள். காதோடு காதாகச் சொன்னேன்.

"அக்கா, டொக்டர் முதல் நாள் கேக்கக்குள்ள நான் சொல்லியிருந்தா உனக்கு இப்பிடி வந்திராது."

அவள் சுளகை ஆட்டுவதை நிறுத்தினாள். கேட்கவில்லையோ என்று நினைத்தேன். திரும்பச் சொல்ல வாய் திறந்தபோது கையைக் காட்டித் தடுத்தாள்.

"கேட்டது" என்றாள்.

கொஞ்ச நேரம் அரிசியில் கிடந்த கல்லைப் பொறுக்கினாள்.

"நான்தான் சொல்லாத எண்டன். சத்தியமும் வாங்கினன். உன்னில பிழை இல்ல எண்டு அத்தானும் சொன்னவர்." பிறகு என் முகத்தைப் பார்க்காமல், கத்தாமல், எங்கள் பழைய பேச்சு மாதிரியே தாழ்ந்த குரலில் சொன்னாள்: "ஆனா நீ முதல் நாளே அந்தச் சத்தியத்த முறிச்சிருக்கலாம் புள்ள. உனக்கு எண்டா நான் முறிச்சிருப்பன்."

  அவள் சொன்னது உண்மை. அவளாக இருந்தால் அன்றைக்கே, கிணற்றடியிலிருந்தே, என்னை ஈரத் தலையோடு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போயிருப்பாள்.

எழும்பிப் போய் உலை வைத்தாள். மத்தியானம் கணவாய்க் கறியோடு சோறு போட்டாள், எனக்குப் பிடித்த மாதிரி உறைப்புக் கூட்டி. அதற்குப் பிறகு அவள் அந்தக் கதையை எடுக்கவில்லை. கோபமாகவும் இல்லை.

மறுநாள் பின்னேரம் வழக்கம் போல பஸ் தரிப்பிடம்வரை கூட வந்தாள். பஸ் பிந்தியது. அக்கா எனக்கு இடது பக்கம் வந்து, கேட்கிற காது என் பக்கம் இருக்கும்படி நின்றாள். நான் ஏதாவது சொல்வேன் என்று தலையைச் சற்றுச் சாய்த்துக்கொண்டு நின்றாள். வயல்வெளிப் பக்கமிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. என்ன சொல்வதென்று நான் தேடிக்கொண்டிருக்கும்போதே பஸ் வந்துவிட்டது.